படித்துக் காட்டுகிற வேலை

பொதட்டூர்பேட்டைக் கடைவீதியில் உள்ள என் அறைக்கு வருகிறவர்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்கிற கேள்வி, "விசா வாங்கித் தர எவ்வளவு ஆகும்?" என்பதுதான். முப்பத்தெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் ஜீவித்து வருகிற நான், அந்தக் கேள்விக்கு ஒரே விதமாகத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். விசா வாங்கித் தருகிறவன் நான் அல்ல. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் இருக்கும், உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஓர் அதிகாரியின் கையில் இருக்கிறது. அவர் முன் போய் நிற்கப் போவது உங்கள் பெயரில் போகிற காகிதம். அந்தக் காகிதம் உண்மை பேசுகிறதா, முன்னுக்குப் பின் முரணில்லாமல் பேசுகிறதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் நான் கூலி வாங்குகிறேன். இதைக் கேட்டு எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு. திருத்தணியிலோ சென்னையிலோ, "நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்று சொல்லும் இன்னொருவரிடம் அவர்கள் போய்ச் சேருவதை நான் தடுக்க முடிந்ததில்லை.

என் தகப்பனார் தறி நெய்தவர். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தறிச் சத்தமே தாலாட்டு. எனக்குத் தறியில் கை ஓடாததால் டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, 1986-இல் நுங்கம்பாக்கத்தில் வெளிநாட்டுப் பிரயாண விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஸ்தாபனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சாஸ்திரி பவனில் பாஸ்போர்ட் அலுவலக வரிசை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிற காலம் அது. அந்த ஸ்தாபனத்தை நடத்தியவர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பம் டைப் ஆகி முடிந்ததும், விண்ணப்பதாரரை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிப் படித்துக் காட்டுவார், "இது உங்களைப் பற்றிய சங்கதிதானா?" என்று வரிக்கு வரி கேட்பார், ஆமாம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையெழுத்துக்குப் பேனா கொடுப்பார். ஒரு மனிதருக்கு முக்கால் மணி நேரம் இதற்கே ஆகும். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது இது வீண் காலவிரயம் என்று எண்ணிய நான், அந்த முக்கால் மணி நேரந்தான் தொழில், மற்றதெல்லாம் எழுத்து வேலை என்பதைப் புரிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின.

அந்நாளில் வந்தவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். கும்மிடிப்பூண்டி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பழகிய வெல்டர்களும் பிட்டர்களும் அதிகம். குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி வைத்து, தாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வளைந்து பற்ற வைக்கும் சிக்ஸ்-ஜி சோதனையில் தேறியவர்களுக்கு எங்கும் மரியாதை இருந்தது. ஆனால் கையில் அத்தனை வித்தை இருந்தும், பள்ளிப் படிப்பு இல்லாத காரணத்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற முத்திரை விழும். 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி அவர்கள் குடியகல்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டி அனுமதி பெற்றுத்தான் விமானம் ஏற வேண்டும். 2007-இல்தான் பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இதிலிருந்து விலக்குக் கிடைத்தது. அந்த அனுமதியை ஒரு தொல்லையாகக் கருதி, விமான நிலையத்தில் ஆள் பிடித்து உள்ளே தள்ளிவிடுவதற்கு "புஷ்ஷிங்" என்று தொழிலில் பெயர். அதற்கு ஒரு தனி ரேட்டும் உண்டு. அப்படிப் போனவர்களின் ஒப்பந்தம் இந்த நாட்டு அலுவலகம் எதிலும் பதிவாவதில்லை. அங்கே சம்பளம் பாதியானாலும், கை முறிந்தாலும், அந்த ஆள் அங்கே இருந்ததற்கே இங்கே அத்தாட்சி கிடையாது. சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஜனங்களைக் கூட்டிச் சென்ற கங்காணி முறை கொடுமையானது. 1938-இல் மலேயாவுக்கு உதவிப் பயணமாக ஆள் அனுப்புவதையே இந்திய அரசு நிறுத்தியது; எனினும் ஊர் தெரிந்தவன், மொழி தெரிந்தவன், முன்பணம் கொடுப்பவன் என்கிற அந்தக் கங்காணியின் ஸ்தானம் காலியாகவே இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். இன்று அவனுக்கு சப்-ஏஜெண்ட் என்று பெயர்.

காகிதம் எவ்வளவு தூரம் மனிதனைக் காக்கும் என்பதை 1990-ஆம் வருஷம் எனக்குக் கற்றுக் கொடுத்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி குவைத்துக்குள் ஈராக் படைகள் புகுந்த பிறகு, பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் நகர் சேர்ந்த சுமார் 1,70,000 இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்குக் கொண்டுவந்து இறக்கின. அவர்களில் சிலர், எங்கள் ஸ்தாபனத்தின் மூலம் விண்ணப்பம் தயாரித்துப் போனவர்கள். கட்டியிருந்த துணியோடு வந்து நின்றார்கள். பின்னால் ஐக்கிய நாடுகளின் நஷ்டஈட்டு ஆணையம் அமைந்து, குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு நிர்ணயத் தொகையாகத் தலைக்கு 2,500 டாலர், வேறு வகையில் கோராதவர்களுக்கு 4,000 டாலர் என்று அறிவித்தபோது, அங்கே இருந்ததை நிரூபிப்பது பெரும்பாடாயிற்று. பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்ட ஒரு வெல்டருக்கு, பெரியவர் தம் மர அலமாரியிலிருந்து அவருடைய பழைய ஒப்பந்தத்தின் கார்பன் பிரதியை எடுத்துக் கொடுத்தார். ஓரம் மஞ்சளாகிப் போன அந்த மெல்லிய தாளை இரண்டு கையாலும் வாங்கிய அந்த மனிதர், அதைப் படிக்கத் தெரியாதவராதலால், தம் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதென்று மட்டும் கேட்டு, அந்த இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்று முதல் எந்தக் காகிதத்துக்கும் ஒரு பிரதி என் அலமாரியிலும் ஒரு பிரதி விண்ணப்பதாரர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதை ஒரு விரதமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் காலமான பிறகு, 1998-இல் ஊருக்குத் திரும்பி இந்த அறையைத் திறந்தேன். நகரத்தில் தெரியாத ஒரு சங்கடம் இங்கே எதிர்ப்பட்டது. எங்கள் பிரதேசத்து ஜனங்களின் பெயரும் பிறந்த இடமும் காகிதத்தில் ஒரு நிலையாக நிற்பதில்லை. தகப்பனார் பெயர் பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணி, ரேஷன் கார்டில் சுப்பிரமணியம், வீட்டுப் பத்திரத்தில் சுப்பிரமணிய முதலியார் என்று இருக்கும்; மூன்றும் ஒருவரே என்பது தெருவுக்குத் தெரியும், அயல்நாட்டு அதிகாரிக்குத் தெரியாது. தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். தமிழ்க் குடும்பங்களில் தகப்பனாரின் முதலெழுத்து வரும். இரண்டும் கலந்த எங்கள் ஊரில் ஒரு "பி" என்ற எழுத்து எதைக் குறிக்கிறதென்று அவரவர் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. விண்ணப்பமோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறது. இன்ஷியலை விரித்து எழுதுவதா, விடுவதா, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற இந்த ஒரு விஷயத்தில் பாஸ்போர்ட் எடுக்கும்போது காட்டுகிற அலட்சியம், பத்து வருஷம் கழித்துப் பட்டச் சான்றிதழுக்கும் விசாவுக்கும் பொருத்தமில்லாமல் வந்து நிற்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்த எத்தனை பேர் என் வாசலில் வந்து நின்றார்கள் என்பதைச் சொல்லி முடியாது.

பிறந்த இடத்தின் கதை இன்னும் விசித்திரமானது. திருத்தணிப் பிரதேசம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது, ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத்தான் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பிறகு செங்கற்பட்டு ஜில்லா. 1997 முதல் திருவள்ளூர். கனடாவில் இருக்கும் மகனிடம் போய்த் தங்க, 2011 டிசம்பரில் அந்நாடு தொடங்கிய சூப்பர் விசாவுக்காக ஒரு மூதாட்டி வந்தார். 1948-இல் பிறந்தவர். பிறந்த இடம் என்ற கட்டத்துக்காக நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வரவும், அவர் திகைத்துப்போய், "நான் எங்கியும் போவலியே தம்பி, பொறந்த வூட்டுக்கு எதிர் வூட்லதான் வாக்கப்பட்டேன்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அவருடைய பள்ளிக் காகிதம் தெலுங்கில், சித்தூர் ஜில்லா என்று இருந்தது. வாக்காளர் அட்டை திருவள்ளூர் மாவட்டம் என்றது. பாஸ்போர்ட்டில் பிறந்த மாநிலம் தமிழ்நாடு என்றிருந்தது. சென்னை மாகாணம் 1953-இல் பிரிந்ததையும், 1960-இல் எல்லை மாறியதையும், அம்மையார் வீடு மாறாததையும் ஒரே பக்கத்தில் எழுதி, எல்லை மாற்றச் சட்டத்தின் பெயரையும் குறித்து, விண்ணப்பத்தோடு இணைத்தேன். ஒரு லட்சம் கனடா டாலர் மருத்துவக் காப்பீடு, மகனின் வருமானச் சான்று எல்லாவற்றையும்விட அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். விசா கிடைத்தது.

வீட்டில் பிறந்து, பதிவே செய்யப்படாத பிள்ளைகளும் நிரம்ப உண்டு. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷம் தாண்டிவிட்டால் முதல் வகுப்பு நடுவரின் உத்தரவு பெற்றுத்தான் பதிய வேண்டியிருந்தது. பதிவு இல்லை என்ற சான்று ஒன்று, பள்ளிச் சான்று ஒன்று, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் வாக்குமூலம் ஒன்று என்று திரட்டிக்கொண்டு நீதிமன்றப் படியேறிய நாட்களில், அந்த மருத்துவச்சிகளின் ஞாபகசக்தியை எண்ணி நான் வியந்ததுண்டு. "ஆடிக் கிருத்திகைக்கு மூணாம் நாள், மழை" என்பார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தேதி சரியாக வந்து நிற்கும்.

இனி எழுதப் போவது, எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும் என்பதற்காக எழுதுகிறேன். 2002-இல் கனடாவின் புதிய குடியேற்றச் சட்டம் வந்து, படிப்பு, பாஷை, அனுபவம், வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ச்சி மதிப்பெண் முதலில் 75. 2003 செப்டம்பரில் 67 ஆகக் குறைந்தது. அந்த வருஷக் கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த ஒரு டிப்ளமோ இளைஞர் வந்தார். இரண்டு வருஷ அனுபவத்துக்கு 17, எல்லாம் கூட்டினால் 64. நான்கு வருஷ அனுபவம் இருந்தால் 21, மொத்தம் 68. வழியில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, முந்திய இரண்டு வருஷங்கள் தம் சித்தப்பாவின் பட்டறையில் வேலை பார்த்ததாக ஓர் அனுபவக் கடிதத்துடன் திரும்பி வந்தார். 2000-ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கடிதத்தின் தாள் புத்தம் புதிதாக இருந்தது. "நெஜந்தான் சார், நோட்டுல எழுதாம வேலை செஞ்சேன்" என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. அவருடைய தாயார் நகையை விற்றுக் கொடுத்த பணம் மேஜைமேல் இருந்தது. நான் அன்று வரிக்கு வரி படித்துக் காட்டவில்லை. படித்திருந்தால், கடிதத் தலைப்பில் இருந்த தொலைபேசி எண் எட்டு இலக்கம் என்பதும், 2000-இல் சென்னையில் ஏழு இலக்க எண்களே இருந்தன என்பதும் என் கண்ணிலேயே பட்டிருக்கும். 2007-இல் அது அதிகாரியின் கண்ணில் பட்டது. தவறான தகவல் கொடுத்ததாக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, இரண்டு வருஷத் தடையும் விதிக்கப்பட்டது. இன்றானால் அதே குற்றத்துக்கு ஐந்து வருஷம். தடை முடிந்த பிறகும், "உங்கள் விண்ணப்பம் எங்கேனும் மறுக்கப்பட்டதுண்டா?" என்று எந்த நாட்டுப் படிவம் கேட்டாலும் அவர் ஆம் என்றே எழுத வேண்டும். நான் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது பிராயச்சித்தம் ஆகாது. என் தகப்பனார், பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்வார்; அறுந்தது தெரிந்தும் நெய்துகொண்டு போகிறவனை அவர் நெசவாளி என்றே சொல்லமாட்டார்.

குற்றமே செய்யாதவர்களும் அடிபட்டதைப் பார்த்தேன். டில்லியில் விண்ணப்பங்கள் ஐந்து, ஆறு வருஷங்கள் தேங்கிக் கிடந்த நிலையில், 2012 ஜூனில் கனடா பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, 2008 பிப்ரவரி 27-க்கு முன் வந்து முடிவாகாதிருந்த விண்ணப்பங்களை ஒரேயடியாக முடித்துவிட்டது. உலகெங்கும் சுமார் 2,80,000 பேர் அதில் அகப்பட்டார்கள்; என் அலமாரியில் மட்டும் பதினோரு குடும்பங்களின் கோப்புகள். கட்டணம் திரும்பி வந்தது. வயது திரும்பி வரவில்லை. 49 வயது வரை வயதுக்கான மதிப்பெண் குறையாது என்ற விதியை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு, 2013-இல் வந்த புதிய விதி 35-க்கு மேல் வருஷத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்தது. அந்தப் பதினோரு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில், இரண்டு தறியை விற்றுவிட்டுக் கனடாவை எதிர்பார்த்திருந்தார்கள். அதன் பிறகு, விசா கைக்கு வரும்வரை தறியையோ நிலத்தையோ வேலையையோ விடுகிறவருக்கு நான் கோப்புத் திறப்பதில்லை.

இதே காலத்தில்தான் என் தொழிலின் எல்லையும் மாறியது. பணம் வாங்கிக்கொண்டு கனடாக் குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்பவர் அந்நாட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்ற விதி 2011 ஜூன் 30-இல் இறுக்கப்பட்டது. 2021 முதல் அந்த ஆலோசகர்களுக்கென்று சட்டப்படி ஒரு கல்லூரி அமைந்து, யார் பெயரையும் அதன் பட்டியலில் சரிபார்க்க முடிகிறது. நியூஸிலாந்து 2010-இலேயே வெளிநாட்டில் இருந்து ஆலோசனை சொல்பவருக்கும் உரிமம் கட்டாயம் என்றது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கு ஆள் எடுப்பவரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. குடியேற்றத்துக்கும் படிப்புக்கும் யோசனை சொல்பவரை அது தொடுவதில்லை. பஞ்சாப் அரசு 2012-இல் தனிச் சட்டம் செய்தது போல இங்கேயும் ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். நான் பதிவு பெற்றவன் அல்லன் ஆதலால், கனடா விஷயத்தில் பதிவு பெற்ற ஒருவரிடம் விண்ணப்பதாரரை நேரே பேச வைத்து, பிரதிநிதி படிவத்தில் அவர் பெயரே இருக்கும்படி பார்த்து, சான்றிதழ்களைத் திரட்டிக் கொடுக்கும் வேலைக்கு மாத்திரம் கட்டணம் வாங்குகிறேன். படிவத்தில் தம் பெயரைப் போட மறுக்கிற ஆலோசகர், எவ்வளவு பெரிய கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தாலும், நாளைக்கு அந்தக் கோப்புக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து 2012-இல் ஒருவர் வந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் படகில் போக ஒருவன் ஒன்றரை லட்சம் கேட்பதாகவும், காகித வழி ஏதாவது உண்டா என்றும் கேட்டார். "அண்ணை, இருந்தால் இருக்கு எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார். பாஸ்போர்ட் இல்லாத, இந்தியக் குடியுரிமையும் இல்லாத அவருக்கு என்னால் காட்டக்கூடிய வழி எதுவும் இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்ல நான் பட்ட கஷ்டம் வேறு எந்தச் சொல்லுக்கும் பட்டதில்லை. மறு வருஷம் ஜூலையில், படகில் வருகிற எவரையும் குடியமர்த்துவதில்லை என்று ஆஸ்திரேலியா அறிவித்தது. அவர் படகு ஏறவில்லை, முகாமிலேயே இருக்கிறார், அவருடைய மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதில் நான் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை, முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் முகாமில் இருப்பது எந்த நியாயத்திலும் அடங்குவதல்ல.

இப்போது எல்லாம் கைபேசியில் வந்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுப்பவரின் உரிம எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியும் என்பது சட்டம். அப்படியிருந்தும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, ரசீது கூட இல்லாமல் வருகிறவர்கள் குறையவில்லை. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட நம் தமிழ்ப் பிள்ளைகள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்டார்கள்.

சென்ற தை மாதத்தில், விசைத்தறி நூல் சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயார் தம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேறொருவர் மூலம் ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு விண்ணப்பம் தயாராகிவிட்டதாம். நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்றாம். மீதி மூன்று லட்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். "விண்ணப்பத்தைப் பார்த்தாயா தம்பி?" என்று கேட்டேன். கையெழுத்து மட்டும் போட்டதாகச் சொன்னான். கைபேசியில் அதை வரவழைத்து, அச்செடுத்து, அவன் கையிலேயே கொடுத்து, அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன். பெயர், ஊர், பிறந்த தேதி என்று உரக்கப் படித்துக்கொண்டு வந்தவன், மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினான். சென்னையில் ஒரு ஹோட்டலில் ஐந்து வருஷம் சமையற்காரனாக இருந்ததாக எழுதியிருந்தது. அவனுக்கு வயது இருபத்தொன்று, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து முடித்து எட்டு மாதம் ஆகிறது.

தாயார் மகனைப் பார்த்தார். "ஒனக்கு ஒல வெக்கக்கூடத் தெரியாதேடா" என்றார்.

அவன் தாளை மேஜைமேல் வைத்தான். நான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை எப்படி எழுதுவதென்று சொல்ல, அவனே தன் கையால் எழுதினான். அதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அலமாரியில் வைத்தேன். நாற்பதாயிரத்தில் பதினைந்தாயிரம் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. பையன் கும்மிடிப்பூண்டியில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருக்கிறான். இரண்டு வருஷ அனுபவம் ஆனதும் வருவதாகச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை அம்மாவின் பையிலேயே போட்டுக்கொண்டு போனான்.